வேப்பமரத்தடியிலிருந்து வகுப்பறைக்கு

நுழையும்முன்

பள்ளி என்றதும் மாணவரும் ஆசிரியரும் நம் நினைவுக்கு வருகின்றனர். மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். காலையில் பிள்ளையை அனுப்பிவிட்டு வேலைக்குச் செல்பவர் அவர். மாலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பள்ளியில் நடந்ததை அறிந்துகொள்பவர். அந்தப் பெற்றோருக்குப் பள்ளியில் உள்ள இடம் எது? காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒரு தாயும் மகளும் பெற்ற பட்டறிவை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மதிற்சுவருக்கு வெளியே

காவிரிப் படுகையில் ஜூன் மாதம் இரண்டு திறப்புகளுக்கு உரியது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறப்பதும் பெரும்பாலும் அம்மாதத்தில்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் குறுவை நடவு தொடங்கும். நடவு தொடங்கிவிட்டால் பெண்களுக்கு ஓய்விராது. விடியுமுன் சோறு வடித்து, பிள்ளைகளுக்குத் தலைவாரி, நாற்றங்காலை நோக்கி நடக்க வேண்டும்.

அத்தகைய பெண்களுள் ஒருவர் அந்தத் தாய். அவருடைய மகள் ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்தாள். பள்ளி வாயிலுக்கு எதிரே ஒரு வேப்பமரம் உண்டு. பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் அம்மரத்தடியிலேயே நிற்பர். உள்ளே வரக்கூடாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. உள்ளே வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. வயலிலிருந்து நேரே வருபவர்களின் காலில் சேறு காய்ந்திருக்கும். அந்தக் காலுடன் கூட்டிப் பெருக்கிய தாழ்வாரத்தில் ஏற அவர்கள் கூசுவர்.

கூச்சத்திற்கு வேறொரு காரணமும் இருந்தது. “நாளைக்கு உன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா” என்று ஆசிரியர் சொன்னால், அது மாணவர் காதில் தண்டனையாகவே ஒலிக்கும். வீட்டில் உள்ளவர்களும் அதை அப்படித்தான் புரிந்துகொள்வர். குற்றச்சாட்டைக் கேட்பதற்கே அழைக்கப்பட்டுப் பழகியவர்கள் தாமாக எப்படி உள்ளே வருவர்? அந்தத் தாய் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். சிறுமியாக ஓடித் திரிந்த தாழ்வாரத்தில் தாயாகக் கால்வைக்க அவரால் இயலவில்லை.

நடுவில் உள்ள மூன்று ஆண்டுகள்

தமிழ்நாட்டு வழக்கில் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளது தொடக்கப் பள்ளி. எட்டாம் வகுப்பு வரை உள்ளது நடுநிலைப் பள்ளி. நடுநிலைப் பள்ளியில் தம்பியின் கையைப் பிடித்து அழைத்துவரும் அக்காளும் அங்கேயே படிப்பாள். அதனால் அவ்வளாகம் வீட்டின் நீட்சிபோலத் தோன்றும். ஆனால், ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகள் குழந்தைப் பருவம் விடைபெறும் காலம். உடல் மாறுகிறது, குரல் மாறுகிறது, ஊராரின் பார்வையும் மாறுகிறது. வயலுக்குக் கூடுதலாக ஒரு கை தேவை என்ற எண்ணமும் இளைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்ற எண்ணமும் வீட்டில் எழுவது இப்பருவத்தில்தான்.

பள்ளிக்கு வரும் வழியிலிருந்த பெரிய தடையொன்றைத் தமிழ்நாடு முன்னரே கண்டுகொண்டது. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் சிற்றூர்களில் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 1984ஆம் ஆண்டில் பத்து முதல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பசியோடு இருக்கும் பிள்ளையால் படிக்க இயலாது என்பதைப் பலரும் பலகாலம் எடுத்துரைத்ததால் அந்தத் தடை நீங்கியது. பேசப்படாத தடைகள் மட்டும் அப்படியே இருந்தன.

நிறைந்தபடி திரும்பிய பாட்டில்

அந்தத் தாய் காலையில் நிரப்பி அனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே திரும்பியது. முதல் நாள் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே இருந்தது.

“ஏன் பாப்பா, தண்ணி குடிக்கலையா?”

“தாகம் எடுக்கலம்மா.”

ஆடி மாத வெயிலில் தாகம் எடுக்கவில்லை என்ற விடையைத் தாயின் மனம் ஏற்கவில்லை. ஆயினும் அவர் மேலும் கேட்கவில்லை. மாதந்தோறும் மூன்று, நான்கு நாள்கள் மகள் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கியபோதும் அவர் கேட்கவில்லை. பெரிய பெண்ணாகிவிட்ட பிள்ளைக்கு அது இயல்புதான் என்று எண்ணிக்கொண்டார்.

கேட்டவர் அறிவியல் ஆசிரியை. ஒருநாள் மாலை, அவர் வாயிலைக் கடந்து வேப்பமரத்தடிக்கே வந்தார்.

“உங்க பொண்ணு கணக்குல நல்லா வர்றாம்மா. ஆனா, மாசாமாசம் நாலு நாள் வர்றதில்லை. அந்த நாலு நாள் பாடம் விட்டுப்போகுது. அடுத்த வருஷம் உதவித்தொகைத் தேர்வு எழுதணுமே.”

அவர் குறிப்பிட்டது, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் தகுதி உதவித்தொகைத் தேர்வு. அதில் தெரிவு பெறுவோர்க்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலையை நம்பிய குடும்பத்திற்கு அது சிறிய தொகை அன்று.

அன்றிரவு விளக்கணைத்த பின்னர், இருட்டில் மகள் உண்மையைச் சொன்னாள். பெண்பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே சென்றால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால், காலை முதல் மாலை வரை அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிலக்கு நாள்களில் பள்ளிக்கே வருவதில்லை.

தாய்க்கு உறக்கம் வரவில்லை. அவரும் ஏழாம் வகுப்பில்தான் படிப்பை விட்டார். அதே பள்ளியில், அதே பருவத்தில், அதே காரணத்தால் முதலில் மாதம் நான்கு நாள் நின்றார், பாடம் புரியாமற்போனது, பிறகு முழுவதுமாக நின்றுவிட்டார். ‘அவளுக்குப் படிப்பு ஏறவில்லை’ என்று வீட்டார் சொன்னார்கள். இருபது ஆண்டுகளாக அவரும் அதையே நம்பியிருந்தார். தமக்கு அறிவு போதவில்லை என்று எண்ணியதற்குப் பின்னால் தண்ணீர் வராத ஒரு குழாய் இருந்திருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் விளங்கியது.

“உள்ளது”

அவர் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர். குழு புதிதாக அமைக்கப்பட்டபோது யாரோ அவர் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்தார்கள். அதன்பிறகு பதிவேடு அவர் வீட்டுக்கு வரும். காட்டிய இடத்தில் கையொப்பமிடுவார். கூட்டத்திற்குச் சென்றதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, நடவு முடிந்து கரையேறியதும் வாய்க்காலில் கால்களை நன்றாகக் கழுவிக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தார். எட்டாம் வகுப்பறையில் கூட்டம் நடந்தது. மாணவர் இருக்கைகளில் பெற்றோர் சிலர் அமர்ந்திருந்தனர். அவர் கடைசி வரிசையில் ஓரமாக அமர்ந்தார்.

தலைமையாசிரியர் பொருள் நிரலை வாசித்தார். மாணவர் சேர்க்கை, சத்துணவு, ஆண்டு விழா என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. அடிப்படை வசதிகள் பற்றிய படிவம் வந்தது. “குடிநீர், உள்ளது. சுற்றுச்சுவர், உள்ளது. மாணவியர் கழிப்பறை, உள்ளது.”

அந்தத் தாய் எழுந்து நின்றார். எழுந்து நிற்க வேண்டும் என்று விதி இல்லை. அந்த அறையில் அமர்ந்து படித்த பழக்கம் அவரை எழுப்பிவிட்டது.

“இருக்கு சார். தண்ணிதான் இல்ல. உள்தாழ்ப்பாளும் இல்ல.”

அறை அமைதியாயிற்று. தச்சு வேலை செய்யும் தந்தை ஒருவர், “ஆம்பளைங்க உட்கார்ந்திருக்க இடத்துல பேசுற பேச்சா இது?” என்று முணுமுணுத்தார். பேத்தியின் பொருட்டு வந்திருந்த மூதாட்டி ஒருவர் திரும்பிப் பார்த்து, “இங்க பேசாம வேற எங்கப்பா பேசறது?” என்றார். அறிவியல் ஆசிரியை வருகைப் பதிவேட்டை எடுத்து வந்து விரித்தார். ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் மாணவியர் பெயருக்கு எதிரே மாதந்தோறும் ஒரே மாதிரியான இடைவெளிகள் இருந்தன. ஆண்டு முழுவதும் எல்லாருடைய கண்முன்னும் இருந்த பதிவேடுதான் அது.

தெரியுமா?

6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி பெறும் உரிமையை அளிக்கும் சட்டம் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைக்க இச்சட்டம் வழிவகுத்தது. குழு உறுப்பினர்களுள் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினர்களுள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனிக் கழிப்பறைகளும், பாதுகாப்பான குடிநீரும் பள்ளிக்குரிய அடிப்படை வசதிகள் என்று இச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது.

“படிச்சுக் காட்டுங்க”

கூட்டம் முடிந்தது. தலைமையாசிரியர் தீர்மானத்தை எழுதினார். பதிவேடு கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. எல்லாரும் கையொப்பமிட்டிருந்தனர். அந்தத் தாய் பேனாவைக் கையில் எடுத்தார், எழுதவில்லை.

“என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க சார்.”

அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால், எல்லாரும் கேட்கும்படி படிக்கப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். தலைமையாசிரியர் வாசித்தார்: “கழிப்பறைப் பராமரிப்புக் குறித்து விவாதிக்கப்பட்டது.”

“தண்ணி இல்லன்னு சொன்னேனே சார். அது இதுல வரலையே.”

தலைமையாசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மறைக்காமல் சொன்னார்: “இல்லைன்னு எழுதினா, இத்தனை நாள் என்ன செஞ்சீங்கன்னு என்னைத்தாம்மா கேப்பாங்க.”

அவர் தீயவர் அல்லர். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்துபவரும், படிவங்களை நிரப்புபவரும், அலுவலகக் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுபவரும் அவர் ஒருவரே. பழுதான குழாயைப் பற்றி முன்பு இருமுறை வாய்மொழியாகச் சொல்லியும் இருந்தார். சொன்னதற்குச் சான்று இல்லை. குறையை எழுத்தில் பதிந்தால், அது தம்முடைய குறையாகிவிடுமோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது. மரத்தடியில் நின்ற பெற்றோருக்கு இருந்த அச்சத்தைப் போன்றதே அது.

“உங்க மேல குத்தம் சொல்லல சார். இத்தனை வருஷமா நாங்களும் கேக்கலையே. வேணும்னா அதையும் சேர்த்து எழுதுங்க” என்றார் தாய்.

தலைமையாசிரியர் பேனாவை வாங்கினார். எழுதியதை அடித்துவிட்டு, அதன்கீழ் எழுதினார்: “மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் இணைப்பும் உள்தாழ்ப்பாளும் இல்லை. இதனால் மாணவியரின் வருகை குறைகிறது. இவற்றைச் செய்துதருமாறு ஊராட்சியைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்படுகிறது.” அதை உரக்கப் படித்தும் காட்டினார். அதன்பிறகே அந்தத் தாய் தம் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார்.

மகளின் கோபம்

இக்கூட்டத்தால் மிகுதியும் வருந்தியவள் மகள்தான். மறுநாள் வகுப்பில் சிலர் அவளைப் பார்த்துச் சிரித்தனர். ‘உங்க அம்மாதானே அதைப் பேசினாங்க?’ என்று கேட்டனர். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் தாயிடம் பேசவில்லை. தாயும் அவளைச் சமாதானப்படுத்த முயலவில்லை. தம் வாழ்வில் யாரும் பேசாதிருந்ததால் நேர்ந்த இழப்பு இந்தக் கோபத்தைவிடப் பெரிது என்பது அவருக்குத் தெரியும்.

உள்தாழ்ப்பாள் முதலில் வந்தது. கூட்டத்தில் முணுமுணுத்த தச்சரே, மறுவாரம் தம் கருவிப் பையுடன் வந்து அதைப் பொருத்தினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் சென்றார். தண்ணீர் அவ்வளவு எளிதில் வரவில்லை. விண்ணப்பம் ஊராட்சிக்குச் சென்றது, மதிப்பீடு கேட்கப்பட்டது, பணம் எந்த நிதியிலிருந்து என்ற வினா எழுந்தது. மாதங்கள் சென்றன. அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடியபோது, தாய்மார் சிலர் ஒன்றாகச் சென்றனர். அந்தத் தாய் தீர்மானத்தின் படியை எழுத்துக் கூட்டி வாசித்தார். இடையில் ஒருமுறை தடுமாறினார். பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தாள்.

பொங்கல் கழிந்து குழாய் பதிக்கப்பட்டது. அதுவரை மாணவியர் முறைவைத்து அடிபம்பிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தனர். குழாயில் தண்ணீர் வந்த வாரத்தில், ஒரு மாலை மகளின் பாட்டில் காலியாகத் திரும்பியது. அதைக் கழுவி வைத்துக்கொண்டிருந்த தாயிடம் மகள் சொன்னாள்: “நீ அன்னிக்குப் பேசினது எனக்குப் பிடிக்கலம்மா. ஆனா தண்ணி வந்தது பிடிச்சிருக்கு.”

பட்டியலில் இல்லாத எண்

எட்டாம் வகுப்பில் அவள் ஏறத்தாழ எல்லா நாளும் பள்ளிக்குச் சென்றாள். ஆசிரியை மாலையில் கூடுதலாக ஒரு மணிநேரம் இருந்து தேர்வுக்குப் பயிற்சியளித்தார். மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என இரண்டையும் அவள் எழுதினாள். முடிவு வந்தபோது, தெரிவு பெற்றோர் பட்டியலில் அவள் எண் இல்லை.

அவள் அழுதாள். ஏழாம் வகுப்பில் விட்டுப்போன பாடங்கள்தாம் காரணம் என்று ஆசிரியை சொன்னது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். உதவித்தொகையும் இல்லாத நிலையில் அனுப்பத்தான் வேண்டுமா என்று உறவினர் கேட்டனர். முன்பு ஒருமுறை ஏறக்குறைய இதே வினா, அதே வீட்டுத் திண்ணையில் எழுந்ததுண்டு. அப்போது விடை சொல்ல அந்தத் தாய்க்கு வயது இல்லை.

“பணம் வரும்னா படிக்க வச்சோம்? போகட்டும்” என்று அவர் சொல்லி முடித்துவிட்டார். மாணவர்க்குக் கட்டணமில்லாப் பேருந்து அட்டை உண்டு என்பதையும், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதையும் அவர் ஆசிரியையிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். கேட்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டிருந்தது.

மீண்டும் ஜூன்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தாயும் மகளும் பள்ளிக்குச் சென்றனர். தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டி, “உட்காருங்கம்மா” என்றார். சான்றிதழில் பெயரையும் பிறந்த நாளையும் மகள் ஒருமுறை சரிபார்த்தாள்; தாயும் ஒருமுறை சரிபார்த்தார்.

“பாப்பா போயிட்டா, குழுவுல உங்க இடமும் காலியாயிடும்” என்று தலைமையாசிரியர் சிரித்தார். அவர் குரலில் சிறிது வருத்தமும் இருந்தது.

வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் இளம்பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் மகன் அன்றுதான் ஆறாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தான். அவள் காலில் சேறு காய்ந்திருந்தது. வாயிலைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

“ஏம்மா இங்கயே நிக்கிற? உள்ள போ. யாராவது கூப்பிடட்டும்னு நிக்காத” என்றார் அந்தத் தாய். சற்றுத் தூரம் சென்றவர், மறந்த ஒன்று நினைவுக்கு வந்ததுபோல் திரும்பிச் சொன்னார்: “கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.”

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளியில் ‘உள்ளது’ என்று பதியப்பட்டு, முழுமையாகப் பயன்படாத வசதி ஒன்றைக் கண்டறிந்து, அதைச் சீர்செய்ய வேண்டித் தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் எழுதுக.

2. நீங்கள் நடுநிலை வகுப்புகளில் படித்தபோது உங்கள் பெற்றோர் பள்ளிக்கு வந்த நாள் ஒன்றைப் பற்றி அவர்களிடமே கேட்டறிந்து, அவர்களின் பார்வையில் ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘குறையைப் பதிவுசெய்தல் குற்றம் சாட்டுதல் ஆகாது’ என்னும் கருத்தை, இக்கட்டுரையில் வரும் தாய், தலைமையாசிரியர் ஆகியோரின் உரையாடலைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.